பத்மா வீட்டு பக்கெட்டுகள்

மொத்தம் ஏழு. போன வாரம் ஐந்துதான் இருந்தன.

கடைக்குப் போய்விட்டுப் படியேறிய ஷோபனாவுக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தது. முதல் மாடியில் பத்மா வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு காலி பெயின்ட் பக்கெட்டுகள். ஒன்றில் புதினா, ஒன்றில் கற்பூரவல்லி, ஒன்றில் குடைகள். ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு மேலே பழைய மெத்தைத் துண்டு. உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொள்ளவாம்! மற்ற மூன்றும் மூடி போட்டவை. உள்ளே என்ன கண்றாவியோ.

"குடித்தனம் பண்றாங்களா, பெயின்ட் கடை நடத்துறாங்களா?" என்று பொருமியபடியே இரண்டாவது மாடியில் தன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

மகள் ரோஷினி குழந்தையை மடியில் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு அயனம்பாக்கம் வந்தவள். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து மாமனார் வீட்டார் வந்து அழைத்துப்போகிறார்கள்.

"உன் மாமியார் படியேறி வரும்போது முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. நம்ம மானமே போகும்."

"போம்மா. பத்மா ஆன்ட்டிக்கு எவ்ளோ நல்ல மூளை! ஒரு பக்கெட்ல சுத்தி ஓட்டை போட்டு வெங்காயம் வெச்சிருக்காங்க, அழுகறதே இல்லையாம்."

"மூளையாம் மூளை! கஞ்சத்தனம். அவங்க வீட்டுக்காரர் ஆவடி ஃபேக்டரில முப்பத்தஞ்சு வருஷம் வேலை பார்த்த மனுஷன், மாசம் பிறந்தா பென்ஷன். ஒரு மண் தொட்டி வாங்க மனசு வரலை. குவார்ட்டர்ஸ்ல இருந்த புத்தி, ஃபிளாட்டுக்கு வந்தா மாறிடுமா?"

குழந்தையைக் குளிப்பாட்ட வரும் சுசீலா, வெந்நீரை விளாவியபடி பாத்ரூமிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாத்துக்கும்மா காலையிலயே டென்ஷன் ஆவுற? அவங்க பக்கெட்டு அவங்க ஊட்டு வாசல்ல கீது. உட்டுத் தள்ளு."

ஷோபனா விட்டுத் தள்ளுகிற ஆள் இல்லை. முந்தாநாளே ஒரு போட்டோ எடுத்து, 'இது குடியிருப்பா, குப்பைக் கிடங்கா?' என்று ஃபிளாட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தாள். பதினோரு பேர் கட்டை விரலை உயர்த்தியிருந்தார்கள். பத்மா பார்த்ததற்கு அடையாளம் இருந்தது. பதில் இல்லை.

"திமிரு! நேர்ல கேட்டாத்தான் சரிப்படும்" என்று கீழே இறங்கினாள்.

ஈரக் கையைத் துடைத்தபடி கதவைத் திறந்தாள் பத்மா. "வாங்க ஷோபனா. ரோஷினி நல்லாருக்காளா? காபி சாப்பிடுறீங்களா?"

"வேணாங்க. அதையும் பக்கெட்லதான் கலப்பீங்க."

பத்மாவின் முகம் சுருங்கியது.

"ஞாயித்துக்கிழமை எங்க சம்பந்தி வர்றாங்க. அதுக்குள்ள இதையெல்லாம் உள்ள எடுத்து வெச்சுடுங்க."

"உள்ள இடமில்லையேங்க..."

"தனியா பெட்ரூம் இருக்கு. நீங்க ரெண்டே பேர். இடமில்லையா? எங்கிட்டயே கதை விடுறீங்களே!"

பத்மா தடுப்பதற்குள் ஷோபனா உள்ளே போய்விட்டாள்.

போனவள் நின்றாள். ஹாலில் நடக்க வழியில்லை. பீரோ, கட்டில், சுருட்டிய மெத்தை எல்லாமே ஹாலில்தான் கிடந்தன. பத்மாவின் கணவர் உலகநாதன் ஒரு மூடி பக்கெட்டைத் திறந்து மடித்த சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கூச்சத்தோடு மூடினார்.

ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடக் கடவுளே, துணியுமா பக்கெட்ல? அப்ப பீரோ எதுக்கு, அழகுக்கா?"

"பீரோல வெச்சா பூஞ்சை பிடிச்சுடுதும்மா" என்றார் அவர்.

"ஏன் பிடிக்குது? வீட்டைத் துடைச்சு சுத்தமா வெச்சுக்கிட்டா..." சொல்லிக்கொண்டே படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

அறை காலியாக இருந்தது. தரையில் நான்கு பக்கெட்டுகள் மட்டும். மேலே சீலிங் கறுத்து, காரை பெயர்ந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு வேகமெடுத்தது. தூறல் மாதிரி விழ ஆரம்பித்தது. பத்மா அவசரமாக ஒரு பக்கெட்டைக் காலால் நகர்த்தி அதன் கீழே தள்ளினாள்.

"பேரன் குளிக்கிறான் போல" என்றாள்.

ஷோபனா நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தாள். மேலே அவள் வீட்டு பாத்ரூம்.

"எ... எத்தனை நாளா இப்படி?"

"நாலு மாசத்துக்கு மேல இருக்கும்."

"ஏங்க ஒரு வார்த்தை சொல்லலை? குரூப்ல நான் அப்படிப் போட்டப்பகூட..."

உலகநாதன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒழுக ஆரம்பிச்சதுமே சொல்லலாம்னு மேல வந்தேன்மா. வாசல்ல ரோஷினிக்கும் குழந்தைக்கும் ஆரத்தி சுத்திட்டிருந்தீங்க. பிளம்பரானா உங்க பாத்ரூம் தரையை மொத்தமா உடைக்கணும், பதினஞ்சு நாளாகும்னான். ஆபரேஷன் பண்ணின உடம்பு, கைக்குழந்தை வேற. அந்த இடியிலயும் தூசியிலயும் ரெண்டும் எங்க போகும்னு திரும்பி வந்துட்டேன்."