நாலு விரற்கடை உயர்ந்த படகு

அன்று படகில் இருந்தவர்கள் ஐந்து பேர். மரக்காணம் உப்பளக்காரர் ராஜாங்கம், அவர் மனைவி பாக்கியலட்சுமி, மகள் அமராவதி, மருமகன் ஜெயசீலன், அப்புறம் அழைக்காமலே வந்து முன்னால் நின்ற பக்கத்து அளத்துக்காரர் சுப்ராயன்.

2006 தை மாதம். எக்கியார்குப்பம் கழிமுகத்தில் நின்ற புதுப் படகுக்குக் கிரகப்பிரவேசம். படகுக்கு எதற்குக் கிரகப்பிரவேசம் என்று கேட்கக் கூடாது. இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் இருந்தால் அது வீடுதான். சுப்ராயன் மூன்று மாடி வீடு கட்டினார். ராஜாங்கம் மிதக்கிற வீடு வாங்கினார்.

அவர் கொச்சிப் பட்டறையில் படகைத் தேர்ந்தெடுத்த விதமே தனி. முதலில் வேகப் படகைக் காட்டினார்கள். "தப்பிச்சு ஓடுறவனுக்குத்தான் இது" என்றார். பாய்மரப் படகைக் காட்டினார்கள். "காத்து சொல்ற பக்கம் போற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல." கடைசியில், மீன்பிடி விசைப்படகு போலவே அகன்ற வயிறும் நிமிர்ந்த மூக்குமாக, நிதானமாகப் போகும் உல்லாசப் படகு ஒன்றைப் பார்த்தார். "இது நம்ம ஆளு" என்று அதன் விலாவில் தட்டிக் கொடுத்தார்.

புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது உப்பு. பாக்கியலட்சுமி அதை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தாள்.

"அளத்துக்காரன் வூட்டுக்குக் கிண்ணத்துலயா உப்பு போவும்? முப்பது மூட்டை ஏத்துங்கடா!" என்று கரையில் நின்ற அளத்து ஆட்களைப் பார்த்துக் கத்தினார் ராஜாங்கம்.

"ஒரு கைப்பிடி போதுங்க மாமா" என்றான் ஜெயசீலன்.

"உங்க ஊர்ல போதும்."

ஜெயசீலன் பெருமுக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம்; துபாயில் படகு என்ஜின் வேலை பார்த்தவன். முப்பது மூட்டையும் படகின் அடியறையில் இறங்கின. படகைச் சுற்றித் தீட்டியிருந்த சிவப்புக் கோடு தண்ணீருக்குள் போனது. ராஜாங்கம் அடியறையைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து ஜெயசீலன் தினமும் மதியம் படகை எடுத்துக்கொண்டு புதுச்சேரிப் பக்கம் போனான். பொழுது சாய்வதற்குள் திரும்பினான். "புது என்ஜினுங்க. அம்பது மணி நேரம் ஓட்டிப் பழக்கணும்" என்றான்.

ஒரு மாதம் போனது. டீக்கடையில் சுப்ராயன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சுனாமி வந்து ஒரு வருஷந்தான் ஆவுது, கடல்ல வூடு வாங்குறானேன்னு சிரிச்சேன் ராஜாங்கம். இப்பத்தான் புரியுது."

"என்னா புரியுது?"

"பூசை அன்னிக்குச் செவப்புக் கோடு தண்ணிக்குள்ள இருந்துச்சு. இன்னிக்கு நாலு வெரக்கடை மேல நிக்குது. உம் மருமவன் நடுக்கடல்ல எதையோ கொஞ்சம் கொஞ்சமா எறக்கிட்டு வர்றான். மூட்டையில இருந்தது உப்புதானோ, இல்ல பாண்டிச் சாராயமோ, யார் கண்டது?"

ராஜாங்கம் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கழிமுகத்துக்குப் போய் விரல் வைத்து அளந்தார். சரியாக நாலு. சாவி இடுப்பில்தான் இருந்தது. அப்படியானால் மருமகனிடம் கள்ளச்சாவி. உப்பைக் கடலில் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் வேறு எதையோ ஏற்றி இறக்குகிறான்.

அன்று சாயங்காலம் ஜெயசீலனே வந்து நின்றான்.

"மாமா, அடியறைச் சாவி குடுங்க. தொறந்து பாக்கணும். தண்ணி எறைக்கிற பம்ப்பு நிக்காம ஓடுது."

'சந்தேகம் வந்துவிட்டது என்று தெரிந்து, தடயத்தை அழிக்கப் பார்க்கிறான்' என்று எண்ணினார் ராஜாங்கம்.

"ஓடுனா ஓடட்டும்" என்றார்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார். யாரோ மனுப் போட்டிருந்தார்கள். யார் என்பதில் சந்தேகமில்லை. இன்ஸ்பெக்டருக்கு வழி காட்டிக்கொண்டு வந்தவரே சுப்ராயன்தான். அவரைக் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் படகில் ஏறினார்.

ராஜாங்கம் முதுகை நிமிர்த்தினார்.

"ஐயா, எங்க தாத்தா காலத்துலருந்து எங்க வாசல்ல போலீஸ் வந்து நின்னதில்ல. குத்தம்னு தெரிஞ்சா மருமவன்னு பாக்காதீங்க. எங்கண்ணு முன்னாலயே வெலங்கு மாட்டுங்க."

"அப்பா!" என்று கத்தினாள் அமராவதி.

ராஜாங்கம் சாவியை அவிழ்த்து நீட்டினார்.

பூட்டில் ஒரு கீறல் இல்லை. முப்பது சாக்கும் வைத்த இடத்திலேயே கிடந்தன. ஒன்றின் வாய்த் தையல்கூடப் பிரியவில்லை. ஆனால் முப்பதும் தட்டையாக, காலியாகக் கிடந்தன.

"இதுல என்ன இருந்துச்சு பெரியவரே?"

ராஜாங்கம் கணுக்கால் ஆழத்துக்கு நின்ற தண்ணீரைப் பார்த்தார். பிறகு, விலாக் குழாய் வழியே விடாமல் கடலில் துப்பிக்கொண்டிருந்த பம்ப்பைப் பார்த்தார். கரையில் கழுத்தை நீட்டி நின்ற சுப்ராயனையும் பார்த்தார்.

"அதுக்குத்தான் மாமா சாவி கேட்டேன்" என்றான் ஜெயசீலன் மெதுவாக.

ராஜாங்கம் இன்ஸ்பெக்டரைத் தனியே சமையலறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஐயா... சாராயம்னே எழுதிக்க முடியுமா?"

ஜெயசீலன் நடுக்கடலில் சாராயம் இறக்கினான் என்று சுப்ராயன் இன்றுவரை சொல்லித் திரிவது சுத்தப் பொய். புதுப் படகின் அடியில் கசிந்த தண்ணீரில் முப்பது மூட்டை உப்பும் கரைந்து, பம்ப் வழியே, தான் வந்த கடலுக்கே போய்விட்டது; உப்பு தண்ணீரில் கரையும் என்பதை மூன்று தலைமுறை உப்பளக்காரர் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.