முதுகு காட்டும் படம்

கண்டி நகரின் மஹய்யாவ பகுதியில் உள்ள வீட்டின் முன்னறையில், அலுமாரியில் சாய்த்து வைத்த கன்வஸின் மேல் காலை வெயில் விழுகிறது. டர்பண்டைன் வாசனை திரைச்சீலை வரை ஏறியிருக்கிறது. சித்திரம் படிக்கும் யசோதினி, இறுதியாண்டுக் கண்காட்சிக்காக, நகர வீதிகளைக் கூட்டும் தொழிலாளியான தன் அம்மாவை வரைந்துகொண்டிருக்கிறாள். விளக்குமாறு தூசியில் இழுத்துப்போகும் அரைவட்டங்கள்தான் சிறுவயதில் அவள் ரசித்த முதல் கோடுகள். இன்றும் அவளுடைய தூரிகை அப்படித்தான் வளைகிறது. கதிரையில் சித்திர ஆசிரியை வேலைக்கான விண்ணப்பம் பாதி நிரப்பியபடி கிடக்கிறது. அந்த வேலை கிடைத்தால் பின்னேரங்களில் நிம்மதியாக வரையலாம் என்று நினைத்திருக்கிறாள்.

விடிகாலை வேலை முடிந்து வரும் அம்மா வீரம்மா, செம்மஞ்சள் மேலங்கியைக் கழற்றாமலே படத்தின் முன் நிற்கிறாள்.

"இது நான்தானே? ஏன் முதுகு மட்டும் தெரியுது?"

"சொந்தக்காரங்க எல்லாம் பாக்க வருவாங்கம்மா. ஒங்களுக்கு வெக்கமா இருக்கும்னு..."

"எனக்கா, ஒனக்கா?"

யசோதினி தூரிகையைக் கீழே வைக்கிறாள். காது மடல்கள் சுடுகின்றன. வெளியே ஒரு ஆட்டோ ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போகிறது. வீரம்மா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மகளைப் பார்த்தபடி ஜன்னலோரம் உட்காருகிறாள்.

"மூஞ்சிய வரை. நான் ஆடாம இருக்கேன்."