சென்சாருக்கு வைத்தியம்

"மாப்பிள்ளை, நீங்க நிஜமாவே எலக்ட்ரானிக்ஸ்தான் படிச்சீங்களா? இல்ல, பொண்ணு கேட்க வந்தப்போ சும்மா சொன்னதா?"

மாமனார் நீட்டிய சின்ன சர்க்யூட் போர்டைப் பவ்யமாக வாங்கிக்கொண்டான் மருமகன். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர், பொழுது போகாமல் வீடியோ பார்த்துத் தானே ஒயர் கோர்த்த போர்டு அது. அதன் ஓரத்தில் நகம் அளவுக்கு ஓர் ஆக்ஸிலரோமீட்டர். எவ்வளவு அசைகிறோம் என்பதைக் கம்ப்யூட்டர் திரையில் எண்ணாகக் காட்டும் சென்சார்.

"என்ன பிரச்சினை மாமா?"

"மேசையில வச்சா பரம சாது. கையில எடுத்தா பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. பாருங்க."

எடுத்தார். திரையில் எண்கள் தலைதெறிக்க ஓடின.

மருமகன் ஒயர்களைப் பிடுங்கிச் செருகினான். பற்றவைத்த இடங்களைத் தட்டிப் பார்த்தான். அளவீட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். மாமனார் கையில் எடுத்ததும் மறுபடி ஆட்டம். வேறு சென்சார் மாற்றினான். அதுவும் ஆடியது.

"உங்களுக்கெல்லாம் கம்பெனியில கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு மாமனார் தண்ணீர் குடிக்கப் போனார்.

அந்த இடைவெளியில் மருமகன் போர்டைத் தன் கையில் எடுத்துப் பிடித்தான். எண்கள் பெட்டிப் பாம்பாய் அடங்கின.

சமையலறைக்குப் போய் மனைவியிடம் கிசுகிசுத்தான். "சென்சார் நல்லாத்தான் இருக்கு. உங்க அப்பா கைதான் நடுங்குது."

"தெரியும். காபி டம்ளரை அவர் கீழ வைக்கிற சத்தம் தெருவுக்கே கேக்குதே."

"சொல்லிடவா?"

"வேண்டவே வேண்டாம். மனசு ஒடிஞ்சு போயிடுவார். ஒரு விளையாட்டுச் சாமான், அது சரியாயிடுச்சுன்னு சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

அவனுக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. மாமனாரிடம் உண்மை பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

புரோகிராமைத் திறந்தான். வரும் எண்களையெல்லாம் சேர்த்துச் சராசரியை மட்டும் காட்டும்படி மாற்றினான். அது போதாதென்று, சின்ன அசைவு எதுவானாலும் பூஜ்யம் என்று இன்னொரு வரி எழுதினான்.

"புரோகிராம்லதான் கோளாறு மாமா. உங்க பேர்ல தப்பே இல்ல."

மாமனார் போர்டைக் கையில் எடுத்தார். திரையில் பூஜ்யம் கல்லாய் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, மருமகனின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. ரிட்டயர் ஆனதுலேர்ந்து எனக்கே என் கை மேல ஒரு சந்தேகம். அதைச் சோதிக்கத்தான் இதைக் கட்டினேன். இன்னிக்கு சந்தேகம் தீர்ந்துபோச்சு."

"அப்படியா மாமா? ரொம்ப சந்தோஷம்."

"ஆஸ்பத்திரியில திரும்ப வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நான்தான் பயந்துக்கிட்டு இருந்தேன். கண் ஆபரேஷன்ல கை நூலளவு ஆடக் கூடாது, பாருங்க." போனை எடுத்து நம்பரைத் தேடியபடியே சிரித்தார். "கண்புரைக்கு நல்ல டாக்டரா தேடிட்டிருக்கோம்னு சொன்னீங்களே, இனிமே தேட வேண்டாம். நாளைக்கு முதல் ஆபரேஷன் உங்க அம்மாவுக்குத்தான்."