திரும்பாத கேரவன்

வடகோடிக் கடலுக்குப் போகும் சரளைச் சாலையில் ஒரே சேறு. க்ளெண்டா, படுக்கை வசதியுள்ள தங்கள் கேரவன் வண்டியைச் சுற்றுலா முகாமுக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது, முன்கண்ணாடியில் கல்லடிபட்ட விரிசல் ஓடியிருந்தது.

முகாம் காவலர் வாயைப் பிளந்தார். "இந்த மழையில நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க? ஆம்பளைங்களே பாதியில திரும்பிடறாங்கம்மா!"

"என் வீட்டுக்காரரும் திரும்பணும்னுதான் குதிச்சார். 'ரோடு மோசம், உனக்கு ஓட்ட வராது'ன்னார். கல்யாணமான நாள்லேருந்து அவர் சொன்ன இடத்துலதான் திரும்பினேன். இந்தத் தடவை கடலைப் பார்க்காம திரும்பறதா இல்ல!"

"பலே! சார் உள்ளே தூங்கறாரா?"

"போன முகாம்ல துண்டைக் கட்டிக்கிட்டுக் குளிக்கப் போனார். நான் கிளம்பிட்டேன்."

"ஐயையோ! கோபத்துல துரத்திக்கிட்டு வருவாரே?"

"எதைப் போட்டுக்கிட்டு?" என்றாள் க்ளெண்டா. "அவர் பேன்ட்டெல்லாம் வண்டிலதானே இருக்கு!"