தட்டினால் நம் பக்கம்

பேரவைத் தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

அவள் மேலே பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. பார்வையாளர் மாடத்தில் இரண்டாம் வரிசை. ஊதாச் சேலை. சண்முகக்கனி.

அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டது அவள்தான். சண்முகக்கனியின் தொகுதிக்குச் சட்டமன்ற உறுப்பினர் என்ற முறையில்.

சண்முகக்கனியின் கணவர் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர். தொட்டி கட்டி ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. விடியற்காலையில் போய் சுவிட்சைப் போட்டார். தொட்டி அவர் மேல் வந்து உட்கார்ந்தது.

கட்டியவர் சொர்ணவேலின் மச்சான்.

சொர்ணவேல் இதோ, முன்வரிசையில் இருக்கிறார். அவளுடைய கட்சிதான்.

மச்சானுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவரா என்று நெறிமுறைக் குழு விசாரித்தது. முகாந்திரம் இல்லை, மேல்நடவடிக்கை தேவையில்லை என்று முடித்துவிட்டது. இனி அவை அதை ஏற்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

ஒரே ஒருவர் மறுத்து எழுந்தால் போதும். குரலோடு முடிக்க முடியாது. எண்ண வேண்டும். ஒவ்வொருவரும் எழுந்து நின்று, எந்தப் பக்கம் என்று முகத்தைக் காட்ட வேண்டும்.

நீங்கள் எழுந்தால் நாங்களும் எழுவோம் என்று தாழ்வாரத்தில் நாலைந்து பேர் சொல்லியிருந்தார்கள். சொல்லும்போது சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்கள்.

காலையில் வாசலில் வைத்து சண்முகக்கனி கேட்டாள்.

"அவுக பேசுறது எனக்கு வெளங்காதேம்மா. என்ன ஆச்சுன்னு நான் எப்படிக் கண்டுக்கிறது?"

"என் கையப் பாத்துக்கோங்கக்கா. நான் மேசையத் தட்டுனா நம்ம பக்கம்."

"மத்தவுக தட்டுனா?"

"அதக் கணக்குல சேக்காதீங்க. அவுக எல்லாத்துக்கும் தட்டுவாக."

சண்முகக்கனி சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன்வரிசையிலிருந்து கட்சியின் கொறடா திரும்பினார்.

"சாப்டாச்சா தங்கச்சி?"

சாப்பிட்டிருக்கவில்லை. தலையாட்டினாள்.

அவர் திரும்பிக்கொள்ளவில்லை.

"ஏற்போர் ஆம் என்க" என்றார் பேரவைத் தலைவர்.

ஆம் என்ற ஒலி கூரைக்குப் போய் இறங்கி வந்தது.

"மறுப்போர் இல்லை என்க."

குளிர்சாதனத்தின் இரைச்சல் கேட்டது. அது எப்போதும் ஓடுவதுதான். இதுவரை கேட்டதில்லை.

எழுந்திருக்க வேண்டும். அவளுக்கு அது தெரிந்தது. முழங்காலுக்குத் தெரியவில்லை.

அந்தச் சொல் வாய்க்குள் இருந்தது. நாக்கு அதன் மேல் படுத்துக் கிடந்தது.

தாழ்வாரத்து நாலைந்து பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு அவரவர் காகிதத்தைப் பார்த்தார்கள்.

"தீர்மானம் நிறைவேறியது."

முன்வரிசையில் தொடங்கியது. அதற்குப் பின்வரிசை. அதற்கும் பின்வரிசை. மேசைகள் அதிர்ந்தன.

சொர்ணவேல் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

பழகிய சத்தம். வரவுசெலவு அறிக்கைக்குத் தட்டியிருக்கிறாள். கட்சித் தலைவர் பெயர் வரும்போதெல்லாம் தட்டியிருக்கிறாள். இரங்கல் தீர்மானம் முடிந்து உட்கார்ந்த கையோடு வேறு எதற்கோ தட்டியிருக்கிறாள். முதல் வருடம் உள்ளங்கை சிவந்துபோகும். பிறகு சிவப்பதில்லை.

பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தாள்.

அவளுடைய வளையல்தான். அவளுடைய கைதான். மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது.

எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை.

கொறடா திரும்பிக்கொண்டார்.

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் மேலே பார்த்தாள்.

மாடத்தில் பேசக்கூடாது, கைதட்டக்கூடாது. வாசலிலேயே சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

சண்முகக்கனி பேசவில்லை. கைதட்டவில்லை. எழுந்து நின்றிருந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. இரண்டு கைகளையும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கி, அவளை மட்டும் பார்த்துக் கும்பிட்டாள்.

காவலர் வந்து தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கும்பிட்ட கை இறங்கவில்லை.

யார் கும்பிட்டாலும் திருப்பிக் கும்பிட வேண்டும். வாக்குக் கேட்டுப் போன முதல் நாளில் படித்த பாடம் அது.

அவளுடைய கைகள் மடியிலிருந்து எழுந்தன.