பச்சைக் குவளை

"நாளையிலேருந்து நீங்க வர வேணாம் சிஸ்டர். மாத்திரைய நான் நிறுத்திட்டேன்."

மாணிக்கம் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் பிரிஜட்டுக்குப் பகீரென்றது.

சிங்கப்பூரின் பூன் லேயில் இருக்கும் இந்த அடுக்குமாடி வீட்டுக்கு நாலு மாதமாகக் காலை ஒன்பது மணிக்கு வந்துகொண்டிருக்கிறாள். காச நோய்க்காரர்கள் மாத்திரையை விழுங்குவதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் அவள் வேலை. இன்னும் இரண்டே மாதம். நடுவில் விட்டால் நோய் திரும்பி வரும். அப்புறம் இதே மருந்துக்குக் கேட்காமலும் போகலாம்.

"ஏன் அங்கிள்? நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு?"

"யாருக்கும் ஒட்டாதுன்னு நீங்க சொல்றீங்க. என் வீட்டுலயே யாரும் நம்பல."

சோபாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குவளையை எடுத்தார். ஒரு தட்டு, ஒரு ஸ்பூன்.

"மூணு மாசமா எனக்கு எல்லாம் தனி. வெட்கமா இருந்துச்சு, உங்க கண்ணுல படாம ஒளிச்சு வச்சிருந்தேன். இப்படி ஒதுக்கி வச்ச பிறகு, பிழைச்சு எழுந்து என்ன பண்ணப் போறேன்?"

பிரிஜட்டுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அடுக்களையிலிருந்த மருமகள் ரோஷினியைக் கூப்பிட்டாள்.

"என்ன ரோஷினி இது? படிச்ச பொண்ணுதானே நீங்க? முதல் நாளே என்ன சொன்னேன்?"

"ரெண்டு மூணு வாரம் ஒழுங்கா மருந்து சாப்பிட்டா ஒட்டாதுன்னு சொன்னீங்க."

"அதுவும் இது தட்டுல, கப்ல பரவுற நோயே இல்ல லா! காத்துலதான் பரவும். அதையும் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சிஸ்டர்."

"அப்புறம்?"

ரோஷினி தலைகுனிந்து நின்றாள். "பயமா இருந்துச்சு. பாப்பா இப்பதான் தவழுறா."

"பெரிய மனுஷர் மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சீங்களா?"

திட்டுவதற்குப் பிரிஜட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று பேச்சோடும் விடவில்லை. குவளை, தட்டு, ஸ்பூன் மூன்றையும் அள்ளிக்கொண்டு போய், அடுக்களைச் சுவரிலிருந்து கீழ்த்தளம் வரை போகும் குப்பைக் குழாயில் போட்டு மூடியைப் படாரென்று சாத்தினாள். பன்னிரண்டு மாடியும் இடித்துக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது.

மாணிக்கத்துக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "கொண்டாங்க மாத்திரைய," என்றார்.

ஒவ்வொன்றாக விழுங்கினார். பிரிஜட் கையெழுத்துப் போட்டாள். காலங்காத்தாலே ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று அவளுக்கு ஏகப்பட்ட திருப்தி.

அதற்குள் ரோஷினி மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் கோப்பி கொண்டுவந்தாள். மாமனாருக்கு ஒன்று கொடுத்தாள். தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டாள். மூன்றாவதைப் பிரிஜட்டிடம் நீட்டினாள்.

"ஐயோ, எனக்கு வேணாம் லா." பிரிஜட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

ரோஷினி நீட்டிய கையை மடக்கவில்லை.

"முதல் மாசம் பூரா தினமும் இதையேதான் சொன்னீங்க சிஸ்டர். அதைப் பார்த்துட்டுத்தான் நான் அந்தக் குவளைய வாங்கினேன்."