எங்க தெருவுக்கே வந்துடுங்க

மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததுமே, அந்த ஊர்ப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து கேட்டேன்: “ரெண்டு பிள்ளைங்களோட வர்றோம். எந்த ஏரியா நல்லது?”

உடனே ஒருத்தி போனில் அழைத்தாள்.

“எங்க தெருவுக்கே வந்துடுங்க. ஸ்கூல் மூணு நிமிஷ நடை. என் பொண்ணுக்கும் உங்க பொண்ணு வயசுதான். பயப்படாதீங்க, அக்கா நான் இருக்கேன்ல?”

முன்பின் தெரியாத ஊரில் ஒரு கூடப்பிறந்தவளே கிடைத்துவிட்டாள்! அவள் காட்டிய வீட்டுக்கு, நேரில் பார்க்காமலே மூன்று வருட ஒப்பந்தம் போட்டோம்.

போய் இறங்கினால், வாசலில் இன்னொரு லாரி. கடைசிக் கட்டிலை ஏற்றச் சொல்லிவிட்டு, சாவியை என் கையில் திணித்தாள் அக்கா.

“இது உங்க வீடா?”

“இதுவரைக்கும். நடுவுல காலி பண்ணணும்னா வேற குடும்பத்தைப் பிடிச்சுக் கொடுக்கணும்னு ஓனர் சொல்லிட்டார்.”

“ஏன் காலி பண்றீங்க?”

“இந்த வருஷத்தோட ஸ்கூலை மூடறாங்கம்மா. வெளிய யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் அங்க வாத்தியார்.”

புதுத் தோழிக்கென்று வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, லாரி போன திசையையே பார்த்து நின்றாள் என் மகள். அந்த அக்காவை மனசாரச் சபித்தேன்: இவளெல்லாம் நல்லா இருப்பாளா?

நாலாம் நாள் குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள்: “பையனோட வர்றோம். எந்த ஏரியா நல்லது?”

உடனே போனில் அழைத்தேன்.

“எங்க தெருவுக்கே வந்துடுங்க. பயப்படாதீங்க, அக்கா நான் இருக்கேன்ல?”